அம்மா வெட்டிய வாஷர்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, நீ விட்டுப்போன பழைய கார், மூவரும் சுகம். இந்த இரண்டு மாதமாக ஒருவர் சுகமாக இருந்தால் மற்ற இருவரும் முறைத்துக்கொண்டு நின்றோம், இப்போதுதான் எல்லாம் ஒன்றுகூடியிருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ அங்கே எப்படி இருக்கிறாய், இருமல் நின்றதா? போனில் கேட்டால் நின்றுவிட்டது என்கிறாய், அடுத்த வார்த்தையிலேயே இருமுகிறாய், யாரிடம் கதை விடுகிறாய்? போனில் இதையெல்லாம் விலாவாரியாகச் சொல்ல முடியாது கண்ணு, நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா பிடுங்கிக்கொண்டு சாப்பிட்டியா தூங்கினியா என்று கேட்டு வைத்துவிடுகிறாள், தன்னைப் பற்றி மூச்சுவிட மாட்டாள். அதனால்தான் பேனாவை எடுத்தேன், கையெழுத்து கோழி கிறுக்கினது போல் இருந்தால் பொறுத்துக்கொள்.

தையல் பயிற்சி நிலையத்தில் அம்மாவுக்கு வேலை கிடைத்தது உனக்குத் தெரியும். முப்பது வருடம் முன்னறையில் மெஷினைப் போட்டு அடுத்தவர் துணியைத் தைத்தவளை ஐம்பத்து நான்கு வயதில் டீச்சர் என்று கூப்பிடுகிறார்கள், அந்த முதல் நாள் அவள் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டே ஒரு மணி நேரம் பேசினாள். ஆறு மாதம் தற்காலிகம், அதன் பிறகு பார்த்துதான் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். நிலையம் காரில் அரை மணி தூரம், வகுப்பு காலை ஏழரைக்கு, அந்த நேரத்துக்கு அந்தப் பக்கம் பஸ் கிடையாது. முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவன் வீட்டுக்கே பஸ் இல்லை, இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது! உன் காரை நம்பித்தான் அவள் சரியென்றாள், நான்கு மாதம் அதுவும் ஒழுங்காகத்தான் போய் வந்தது. உனக்குத் தெரியாதது அதற்குப் பிறகு நடந்தது. ஐந்தாவது மாதத்தில் வண்டி வழியிலேயே நின்று நின்று, எவ்வளவு சீக்கிரம் கிளம்பியும் அவள் இரண்டு முறை தாமதமாகப் போனாள், முப்பது பேர் துணியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார்கள். நிலையத்து மேலாளர் ஒரு பெண்மணி, கோபக்காரர் இல்லை, ஆனால் இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் வேற ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும், மனசுல வெச்சுக்காதீங்க என்று சொல்லிவிட்டார். இதை உனக்குச் சொல்லவே கூடாது என்று எனக்கு உன் அம்மாவின் உத்தரவு.

இப்போது காரின் சங்கதியைக் கேள். வீட்டு வாசலில் ஸ்டார்ட் செய்தால் ஒரே இழுப்பில் பிடித்துக்கொள்ளும், சத்தத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் இரண்டு விக்கல், ஒரு உதறல், அவ்வளவுதான், நடுரோட்டில் படுத்துவிடும். பத்து நிமிடம் விட்டுவிட்டு சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். முதலில் வந்த மெக்கானிக் பிளக்கை மாற்றினார். அடுத்தவர் இக்னிஷன் காயில் சூடாகிறது என்று அதையும் மாற்றி, கார்பரேட்டரைக் கழற்றி ஊதி மாட்டினார். மூன்றாவது நம் சுத்தியல், ஞாபகமிருக்கிறதா, எதைக் கொடுத்தாலும் முதலில் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் பேசுவாரே, அவர்தான். வழியில் நிற்கும்போதெல்லாம் அம்மா போன் போட்டால் என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டு சைக்கிளை மிதித்து வந்துவிடுவார், அந்த மனுஷனைக் குறை சொல்லக் கூடாது. வந்து பெட்ரோல் பம்பில் டொக்கென்று ஒரு தட்டு, உடனே கார் கிளம்பிவிடும், அவருக்கு மீசை இரண்டு அங்குலம் நீண்டுவிடும். பம்ப்தான் சார் கோளாறு என்று புது பம்பும் போட்டோம். மறுநாளும் நின்றது. நானும் என் பங்குக்கு, பெட்ரோல் போதவில்லையோ என்று ஒவ்வொரு முறையும் டாங்க் மூடியைத் திறந்து குச்சியை விட்டுப் பார்ப்பேன், பெட்ரோல் அளவு காட்டும் முள் எப்போதோ செத்துவிட்டதே. எதற்கும் இருக்கட்டும் என்று அவள் கிளம்புவதற்கு முதல் நாளே கழுத்து வரை நிரப்பியும் வைப்பேன். அப்படி நிரப்பினால் இன்னும் சீக்கிரம் நின்றது, எனக்குத் தலைகால் புரியவில்லை.

கடைசியில் மூவரும் கையை விரித்துவிட்டார்கள். நான் ஒரு சனிக்கிழமை காலை பொறுமையிழந்து, பழைய கார்களை வாங்கிப் பிரித்து விற்கிற ஆளிடம் பேசிவிட்டேன், ஞாயிறு மாலை வந்து இழுத்துப்போகிறேன் என்றார். இதை அம்மாவிடம் சொல்லும்போது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம், இந்த வயசுல உனக்கு எதுக்கு இந்த ஓட்டம், பேசாம வேலையை விட்டுடு என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். அவள் கத்தவில்லை. கையில் இருந்த துணியை மடித்து வைத்துவிட்டு, முப்பத்தொரு வருஷம் நீங்க ஓடினீங்களே, எதுக்கு ஓடுறீங்கன்னு நான் ஒரு நாள் கேட்டேனா என்றாள். அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை, காபி மட்டும் வந்தது, அதுவும் டம்ளரை வைத்த சத்தத்தோடு வந்தது.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு என்னை எழுப்பி, காரில் உட்காருங்க, நான் ஓட்டுறேன் என்றாள். கையில் அவளுடைய அளவு நோட்டு. மார்பு, தோள், கை நீளம் என்று எழுதுகிற அதே நோட்டின் கடைசிப் பக்கங்களில், கார் நின்ற ஒவ்வொரு நாளும் கட்டம் போட்டு எழுதி வைத்திருக்கிறாள் கண்ணு! எத்தனை நிமிடத்தில் நின்றது, வெயிலா மழையா, டாங்க்கில் எவ்வளவு, யார் எதைத் தொட்ட பிறகு கிளம்பியது, எல்லாம். சட்டை சும்மா நிற்கும்போது சரியாத்தான் இருக்கும், கையைத் தூக்கச் சொன்னாத்தான் எங்கே பிடிக்குதுன்னு தெரியும், இவங்க எல்லாரும் நிற்கிற வண்டியையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க என்றாள். நோட்டைப் பார்த்தால் எனக்கே வியர்த்துவிட்டது. டாங்க் நிறைந்த நாளில் பன்னிரண்டு நிமிடம், பாதி இருந்த நாளில் இருபத்தைந்து, அடியில் கொஞ்சம் கிடந்த நாளில் நிற்கவே இல்லை. கடைசிக் கட்டத்தில், சுத்தியல் தட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் நான் மூடியைத் திறந்திருக்கிறேன் என்று எழுதியிருந்தாள். நான் அதை ஒரு வேலையாகவே நினைத்ததில்லை, அவள் கணக்கில் வைத்திருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை மாலையே நான் கழுத்து வரை நிரப்பி வைத்திருந்த கார், சொல்லி வைத்தாற்போல் பதின்மூன்றாவது நிமிடம் விக்கி விக்கி நின்றது. யாரும் எதையும் தொடக் கூடாது என்று எனக்கு ஒரு அதட்டல். அவளே இறங்கிப் போய் மூடியை மட்டும் திருகினாள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கிற சத்தம் முன்சீட்டில் இருந்த எனக்கே கேட்டது. மூடியை எடுத்து, மறுபடி மூடி, வந்து சாவியைத் திருப்பினாள், பிடித்துக்கொண்டது. திரும்பி வரும் வழியில் அதேபோல் ஒரு முறை நின்றது, அதேபோல் திறந்தாள், அதேபோல் கிளம்பியது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும், வர வழியில்லாவிட்டால் டாங்க் பெட்ரோலை விடாமல் இழுத்துப் பிடித்துக்கொள்கிறது, நிறைந்த டாங்க்கில் காற்றே இல்லை, அதனால் சீக்கிரம் மூச்சு முட்டுகிறது. இவ்வளவும் அவள் சொன்னதுதான், நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்து மூடியைக் கவிழ்த்துப் பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உள்ளே ஒரு ரப்பர் வாஷர். வகுப்புத் துணிகளில் பெட்ரோல் வாடை ஏறுகிறது என்று பழைய சைக்கிள் டியூபில் அவளே வெட்டிப் போட்டது, வண்டி முதன்முதலாக நின்றதற்கு இரண்டு நாள் முன்னால். வட்டமென்றால் அப்படி ஒரு வட்டம், ஒரு பிசிறு கிடையாது. முன்பு ஒரு முறை சுத்தியல்கூட அதைப் பார்த்துவிட்டு யாரு சார் வெட்டினது, கடையில வாங்கின மாதிரி இருக்கே என்று கேட்டார், நானும் எங்க வீட்டம்மா என்று நெஞ்சை நிமிர்த்தினேன். மூடியின் நடுவில் காற்று போக ஊசிமுனை அளவு ஒரு ஓட்டை உண்டாம், அதை அந்த அழகான வாஷர் முழுசாக அடைத்துக்கொண்டிருந்தது. எனக்கு முதலில் நிம்மதிதான் வந்தது, நம் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்ததாக இருக்கட்டும், சுத்தியலிடம் ஏதோ தானாகச் சரியாகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! வாஷரின் நடுவில் கத்தரி முனையால் துளை போட்டு மாட்டிவிட்டு, நேராக சுத்தியலின் பட்டறைக்குப் போய், நான்தான் கெடுத்தேன், உங்களைத்தான் வெயில்ல அலைய வெச்சேன், மன்னிச்சுக்கோங்க என்று சொல்லிவிட்டு வந்தாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, மூணு பேர் பார்த்தும் எங்க யாருக்கும் தோணலையேம்மா என்றாராம். அன்று மாலை காரை இழுத்துப்போக வந்த ஆளை நான்தான் வாசலில் நின்று சமாதானம் சொல்லி அனுப்பினேன், அசடு வழிவதற்கு வீட்டில் என்னை விட்டால் யார்?

மறுநாள் டாங்க்கை நிரப்பிக்கொண்டு தனியாகத்தான் போவேன் என்று ஒரே பிடிவாதம். போனாள். நான் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருந்தேன், ஏழரைக்குப் பொறுக்க முடியாமல் போன் போட்டால் பின்னால் முப்பது பேர் சத்தம், கிளாஸ் ஆரம்பிச்சாச்சு, வைங்க என்று வைத்துவிட்டாள். அது நடந்து நான்கு வாரம் ஆகிறது, ஒரு நாள்கூட நிற்கவில்லை. போன வெள்ளிக்கிழமை நிரந்தர உத்தரவு கையில் வாங்க வேண்டும், நீங்களும் வாங்க என்றாள். என் ஆயுசில் முதல் தடவையாக அவள் ஓட்ட அவ்வளவு தூரம் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். என் கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது, காலை எடுங்க, தரை ஓட்டையாயிடப் போகுது என்று திட்டு வாங்கினேன். நன்றாக ஓட்டுகிறாள் கண்ணு, திருப்பத்தில் என்னைவிடப் பொறுமை. இதை நான் சொன்னதாக அவளிடம் சொல்லிவிடாதே.

நிலையத்து வாசலில் காவலாளி ஒரு பதிவேட்டை நீட்டினார். யார் என்கிற கட்டத்தில் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் என்று எழுத ஆரம்பித்தேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவு எழுத வேணாம் சார், டீச்சர் வீட்டுக்காரர்னு போடுங்க, அது போதும், உள்ளே விட்டுடுவாங்க என்றார். அடித்துவிட்டு அப்படியே எழுதினேன். எழுதும்போது கண் கலங்கிவிட்டது, அவர் பார்ப்பதற்குள் துடைத்துக்கொண்டேன். இந்த மனுஷியிடமா வேலையை விடு என்று சொன்னேன் என்று நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது, அதை அவளிடமும் சொல்லிவிட்டேன், சரி சரி என்றாள்.

இதை உனக்கு எழுதட்டுமா என்று கேட்டேன். எழுதறதுன்னா வாஷர் என் தப்புங்கறதையும் சேர்த்து எழுதுங்க, பாதி மட்டும் எழுதாதீங்க என்றாள், அதனால்தான் முழுசாக எழுதியிருக்கிறேன். நீ நோய்நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி, நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும். நின்றுகொண்டே சாப்பிடாதே, இருமலுக்கு டாக்டரைப் பார். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய், என்னைக் கேட்காதே, அம்மாவைக் கூப்பிடச் சொல், அவள் சாப்பிட்டியா என்று ஆரம்பிப்பதற்குள் நீ முந்திக்கொண்டு டீச்சர் என்று ஒரு முறை கூப்பிடு.

இப்படிக்கு,
டீச்சர் வீட்டுக்காரர்,
உன் அப்பா