உரிமையாளர் கையெழுத்து

மார்ச் 2, திங்கள்

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். பேச ஆளில்லை, அதனால் எழுதுகிறேன்.

கடை வாசலைக் குழாய் பதிக்கத் தோண்டிவிட்டு, பள்ளத்தின் மேல் ஒரு பலகையைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். டிரை கிளீனிங்குக்குக் கோட்டு கொண்டுவருகிறவர் சர்க்கஸ்காரரா என்ன, பலகை மேல் நடந்து வர? மூன்று வாரத்தில் மூடிவிடுவோம் என்று சொன்ன எங்கள் தொகுதி உறுப்பினர் இப்போது மறுபடியும் தேர்தலில் நிற்கிறார். சுவரெல்லாம் சிரிக்கிறார்.

தோண்டிய தெருக்களில் இருக்கும் சிறு கடைகளுக்கு மாநில அரசு உதவித்தொகை தருகிறதாம். விண்ணப்பித்துவிட்டேன். மாதக் கடைசிவரைதான் வாங்குவார்கள். அது வராவிட்டால் கடைச் சாவியைக் கட்டடச் சொந்தக்காரரிடம் கொடுத்துவிட வேண்டியதுதான்.

என் மனைவி அவள் அக்கா வீட்டுக்குப் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. போன் இல்லை. நானும் செய்யமாட்டேன். அப்படி என்ன சொல்லிவிட்டேன்? "கல்லாவுல உக்காந்து துணி எண்ணினதத் தவிர இந்தக் கடைக்கு நீ என்ன செஞ்சே?" என்று கேட்டேன். சகலை எதிரில் கேட்டுவிட்டேன், அதுதான் குற்றமாம்.

மார்ச் 5

இன்று வந்தது ஒரே ஒரு சட்டை. அதுவும் நம் பள்ளத்தில் விழுந்து எழுந்தவருடையது.

மார்ச் 9, திங்கள்

விண்ணப்பம் திரும்பிவிட்டது. காரணம்: 'உரிமையாளர் கையெழுத்து, பதிவில் உள்ளதோடு பொருந்தவில்லை.'

என் கையெழுத்து, எனக்கே பொருந்தவில்லையாம்! அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கத்தித் தீர்த்தேன்.

எதிர்க்கடை பேக்கரிக்காரருக்குப் பணம் வந்துவிட்டது. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு கத்துகிறார்: "என்ன வாத்தியாரே, எம்.ஏ. படிச்சவருக்குக் கையெழுத்துப் போட வரலையாமே?" தெருவே சிரித்தது. இவருக்கு யார் சொன்னது? அயர்ன் போடுகிற தம்பியாகத்தான் இருக்கும். எல்லாரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்.

மார்ச் 11

மறுபடி அனுப்பினேன். நிதானமாக, பெரிதாக, ஒவ்வொரு எழுத்தும் தெரியும்படி.

மார்ச் 16, திங்கள்

அதுவும் திரும்பியது. அலுவலகத்துக்கே போனேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் சின்னப் பெண் ஒருத்தி. கத்திவிட்டேன். "நான் உயிரோட முன்னால நிக்கிறேன், இதைவிட என்னம்மா அத்தாட்சி வேணும்?"

"கத்தாதீங்க சார். நீங்களே பாருங்க" என்று திரையை என் பக்கம் திருப்பினாள்.

என் பெயர்தான். ஆனால் கடைசி எழுத்து வளைந்து கீழே வந்து, பெயர் முழுவதற்கும் அடியில் ஒரு கோடாக ஓடுகிறது. கோட்டின் முடிவில் ஒரு புள்ளி. கல்லாவில் உட்கார்ந்து துணிச் சீட்டில் எண் போட்டுவிட்டு இதே கோட்டை, இதே புள்ளியைப் போடுகிற கையை எனக்குத் தெரியும்.

அவள் கை.

விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 17

கடை திறந்த வருஷம். கவுண்டர் கவுண்டராக வரிசையில் நிற்பது படித்தவன் வேலையா என்று கேட்டு அவளை அனுப்பினேன். பதிவு, உரிமம், வரி எல்லாம் அவள்தான் போய் முடித்தாள். "நீங்க வந்து கையெழுத்துப் போடணுமாம்" என்றாள். "நீயே என் பேரைப் போட்டுட்டு வா, எவன் பார்க்கப் போறான்" என்றேன். இன்னொன்றும் கேட்டாள்: "என் பேரையும் சேத்துப் போடட்டுமா?" அப்புறம் பார்க்கலாம் என்றேன்.

அப்புறம் பார்க்கவே இல்லை.

ஆக, அரசாங்கத்தின் கணக்கில் நான் என்பது அவள். இத்தனை வருஷமும் யாரோ என்னைக் கவிழ்க்கப் பார்க்கிறார்கள் என்று ஊரையே சந்தேகப்பட்டேன். கவிழ்த்தது நானேதானா? இல்லை, அவளாவது ஒரு வார்த்தை நினைவுபடுத்தியிருக்கலாம். சொல்லமாட்டாள். அழுத்தக்காரி.

மார்ச் 18

போன் செய்தேன். எடுத்தது சகலை. ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு சாய்வு நாற்காலியில் கிடப்பவர்.

"என்ன சகலை, வெளுக்கறதுக்கெல்லாம் வெளுத்தாச்சா? இல்ல, ஆள் கொறையுதா?"

வைத்துவிட்டேன். செத்தாலும் இனி அந்த நம்பரைத் தொடமாட்டேன்.

மார்ச் 20, வெள்ளி

தபால் வாக்கு வந்திருக்கிறது. இங்கே பதிவு செய்துகொண்ட யாரும் தபாலிலேயே வாக்களிக்கலாம். சிரிக்கிற அந்த முகத்துக்கு எதிராகக் குத்த வேண்டும் என்று இந்த ஒன்றுக்காகவே காத்திருந்தேன். குத்தினேன். உறையை எடுத்துப் பின்புறம் திருப்பினால்: 'வாக்காளர் கையெழுத்து. பதிவோடு பொருந்தாத உறைகள் எண்ணப்படமாட்டா.'

வீட்டிலிருந்தே வாக்களிக்கப் பதிவு செய்ததும் அவள்தான். ஒவ்வொரு தேர்தலிலும் நான் சீட்டில் குறியிட்டு மேஜையில் வைத்துவிடுவேன். ஒட்டுவது, கையெழுத்துப் போடுவது, தபாலில் சேர்ப்பது எல்லாம் அவள் பாடு. ஒவ்வொரு முறையும் என் ஓட்டு, என் ஓட்டு என்று தெருவெல்லாம் பேசியிருக்கிறேனே.

இந்த ஊரில் நான் எதிலாவது இருக்கிறேனா?

மார்ச் 23, திங்கள்

பாய்லர் வால்வு ஒழுகுகிறது. ஆவி ஏறவில்லை. அயர்ன் போடுகிற தம்பி கையைத் துடைத்துக்கொண்டு நின்றான். "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. ஒண்ணாந் தேதியிலேர்ந்து வேற எடத்துல கூப்புடறாங்க. அண்ணி வருவாங்கன்னுதான் இத்தன நாள் பாத்தேன்." பிறகு தலையைக் குனிந்துகொண்டே, "பேக்கரி அண்ணங்கிட்ட நான் சொல்லல. நீங்க போன்ல கத்துனது அங்க வரைக்கும் கேட்டுது."



தைரியத்தை வரவழைத்துக்கொண்டு மறுபடி அலுவலகத்துக்குப் போனேன். அதே பெண். இந்த முறை கத்தவில்லை. நடந்ததைச் சொன்னேன். அந்தப் பெண் திரையில் எதையோ தேடிப் பார்த்தாள்.

"கையெழுத்த மாத்தணும்னா ஆறு வாரம் ஆகும் சார். திட்டம் அதுக்குள்ள முடிஞ்சிரும். ஆனா கூட்டு உரிமையாளர் ஒருத்தரச் சேக்கலாம். அவங்க கையெழுத்துப் போட்டு அனுப்பினாப் போதும். உங்க சம்மதத்துக்கு நேர்ல ஒரு கைநாட்டு."

"கைநாட்டா? நான் முதுகலைப் பட்டதாரிம்மா."

"தெரியும் சார். உங்க கைரேகை மட்டுந்தான் உங்களோடதா இருக்கு."

எழுந்து வந்துவிட்டேன். கடையில் பாதியா? உழைத்தது நான். கெமிக்கல் நெடியில் நெஞ்சு கெட்டது எனக்கு. கொடுக்கமாட்டேன். மூடினாலும் மூடுவேன்.

மார்ச் 24

மாட்டி வைத்த துணிகளில் யாரும் வாங்க வராதவற்றைப் பிரித்தேன். ஒவ்வொன்றிலும் சீட்டு. ஒவ்வொரு சீட்டிலும் அந்தக் கோடு, அந்தப் புள்ளி. என் எழுத்து இருக்கும் ஒன்றைத் தேடினேன். ராத்திரி சாப்பிடவில்லை.

மார்ச் 25, புதன்

காலையிலேயே அலுவலகத்துக்குப் போய்விட்டேன். அந்தப் பெண், கூட்டு உரிமையாளர் இடத்தில் என் மனைவி பெயரைத் தட்டச்சு செய்து படித்துக் காட்டினாள். கட்டை விரலை மசியில் வைத்து அழுத்தினேன். துடைக்கத் தாள் நீட்டினாள். வாங்கவில்லை. எந்த மசிக்கறையையும் போக்குகிற மருந்து கடையில் இருக்கிறது. அதையும் தொடவில்லை.

மேஜையில் இரண்டு உறைகள். ஒன்று வாக்கு. அதில் என் கையெழுத்தை, என்னுடையதையே, போட்டிருக்கிறேன். எண்ணமாட்டார்கள். போகட்டும், நான் போட்டது.

இன்னொன்று அவளுக்கு. விண்ணப்பத்தை வைத்துவிட்டு, கூட ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். 'பாய்லர் வால்வு ஒழுகுகிறது. தம்பி போகிறேன் என்கிறான்.' அதற்கு மேல் வரவில்லை. கீழே கையெழுத்துப் போடப் பேனாவைக் கொண்டுபோனேன். அவள் என் கையெழுத்தைப் பார்த்தே இருக்கமாட்டாளோ?

அப்படியே மடித்து ஒட்டிவிட்டேன். கையெழுத்து இல்லாமலே தபாலில் சேர்க்கப் போகிறேன். ஓரத்தில் கட்டை விரல் மசி பட்டிருக்கிறது, அது போதும்.