விடத்தல்தீவுக்குப் போகிறவன்

2025 யூன் 8, ஞாயிறு

தாழ்வுபாட்டு ஊர் அணியோடு உதைபந்தாட்டம், ஒன்றுக்கு ஒன்று. சமநிலை என்று எழுதவே கை கூசுகிறது.

அவர்களின் கோல் காப்பாளன் விழுந்து கிடக்கிறான். கம்பங்களுக்கு நடுவே ஒரு குருவிகூட இல்லை. பந்து எங்கள் கப்டன் சஜீவனின் காலடியில். அவன் என்ன செய்தான்? அடிக்கவில்லை. திரும்பி, பின்னால் ஓடிவந்த என் மகன் டிலானுக்குத் தள்ளிவிட்டான். டிலான் வந்து சேருவதற்குள் தாழ்வுபாட்டுக்காரன் தட்டிக்கொண்டு போய்விட்டான்.

எழும்பி நின்று கத்தினேன். "டேய் சஜீவன், உனக்கென்னடா பேய் பிடிச்சிட்டுதோ?" பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஓலைத்தொடுவாயில் இந்தத் திரேசம்மா கத்தாத ஆட்டம் எது?

முடிந்ததும் வஸீர் நானாவின் தேத்தண்ணிக் கடையில் வழக்கமான விசாரணை. சஜீவனுக்கு வயது போய்விட்டது என்றார் ஒருவர். வயதல்ல, ஆட்டம் இறங்கிவிட்டது என்றார் மற்றவர். கப்டன் பதவியைக் கொடுத்ததுதான் பிழை என்றார் இன்னொருவர். வஸீர் நானா தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்: "விடத்தல்தீவில உங்கட கழகத்துப் பெடியன் ஒருத்தனுக்குக் கலியாணப் பேச்சாம். நீங்கள் ஒருத்தரும் அறியேல்லையோ?"

கடை அப்படியே அடங்கிப்போனது.

அடங்காமல் என்ன செய்யும்? வெளிநாட்டில் பெரிய கழகங்கள் கோடி கோடியாய்க் கொட்டி ஆட்டக்காரரை வாங்குகின்றன. எங்கள் கரையில் பெண்ணைக் கொடுத்து வாங்குகிறார்கள். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண்ணின் ஊரில் போய் இருப்பதுதான் இங்கே வழக்கம். போனவன் அடுத்த பருவம் அந்த ஊருக்குத்தான் பந்தடிப்பான். போன வருடம் இறுதி ஆட்டத்தில் எங்களிடமிருந்து கப்பைப் பறித்த விடத்தல்தீவு அணியில் பாதிப்பேர் மாப்பிள்ளைகள்!

அதனால்தான் நான் முந்திக்கொண்டேன். அண்ணனின் மகள் கிருசாந்தினி அடுத்த ஒழுங்கையில் இருக்கிறாள். டிலானுக்கு அவள்தான். என் மனுசன் கடலோடு போன பிறகு எனக்கென்று மிஞ்சியவன் இவன் ஒருவன். இவனை எந்த ஊருக்கும் விடமாட்டேன். பேச்சை எடுத்தால் "பிறகு பாப்பம் அம்மா" என்கிறான். வெட்கம்.

யூன் 10

நான் வேலை செய்கிற மீனவர் சங்கக் கந்தோரில் எனக்குப் பக்கத்து மேசை நஸ்லியா. அவளுடைய உம்மா வீடு விடத்தல்தீவில். எங்கள் ஊர்ப் பெடியன் யாரும் அங்கே வந்து போகிறானா என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். "ஓம் அக்கா, அந்தச் சிவப்பு மோட்டச்சைக்கிள்தானே? போன கிழமையும் கண்டனான். கோயிலுக்குப் பின்பக்கம் நீல கேற் போட்ட வீட்டுக்கு முன்னால நிண்டது."

சிவப்பு மோட்டார் சைக்கிள். எங்கள் ஊரில் அது சஜீவனிடம்தான் இருக்கிறது என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

யூன் 11

கள்ளன்.

யூன் 15, ஞாயிறு

வென்றோம். ஆனால் நான் பந்தைப் பார்க்கவில்லை, சஜீவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையால் முட்ட எழும்பவே இல்லை. மூலை உதை எடுக்கப் போகவில்லை. இரண்டு கோலும் டிலான் அடித்தது. சஜீவன் கை காட்டிக்கொண்டு நடுவில் நிற்கிறான், பொலிஸ்காரன் மாதிரி. காலைப் பத்திரப்படுத்துகிறான். யாருக்காக? அடுத்த வருடம் விடத்தல்தீவின் மஞ்சள் ஜேர்சி போடுவதற்காக!

சாப்பிடும்போது டிலானிடம் சொன்னேன். பிசைந்த சோற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"சும்மா கதையாதேங்கோ அம்மா. சஜீவன் அண்ணா அப்பிடியான ஆள் இல்லை."

"அப்ப எதுக்கு அங்க போறான்?"

"எனக்கென்ன தெரியும்?"

குரல் கொஞ்சம் உயர்ந்ததோ? இவனுக்கு ஏன் அவன்மேல் இவ்வளவு கரிசனை? பந்து பழக்கியவன் என்ற நன்றியாக இருக்கும். என் பிள்ளை வெள்ளை மனசு. எல்லாரையும் நம்புவான், என்னைப் போலல்ல.

யூன் 19

சஜீவன் இன்று மண்ணெண்ணெய்க்குத் துண்டு எடுக்கக் கந்தோருக்கு வந்தான். விடுவேனா? கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னேன்.

"விடத்தல்தீவுப் பக்கம் நல்ல காத்தோ தம்பி?"

முகம் ஒரு கணம் மாறியது. கண்டேன். என் கண்ணுக்கு அது தப்புமா?

"முழங்கால் நோ அன்ரி. அங்க ஒரு பரியாரி நெரிவுக்கு எண்ணெய் போட்டுக் கட்டுறார். அவரிட்டப் போறனான்."

"பரியாரியின்ர வீட்டுக்கு நீல கேற்றோ?"

துண்டை வாங்கிக்கொண்டு போய்விட்டான். நொண்டினான்தான். ஆனால் வரும்போது நொண்டவில்லை, போகும்போதுதான் நொண்டினான். அல்லது வரும்போது நான் கவனிக்கவில்லையோ? இல்லை, இல்லை. நடிப்பு.

யூன் 22, ஞாயிறு

பூசை முடிந்து கழகக் கூட்டம். பெண்கள் வருவது குறைவு, நான் போனேன். கழகத் தலைவர் சுற்றி வளைத்துக் கதைத்துக்கொண்டிருந்தார். நான் எழும்பினேன்.

"எதிரி ஊரில மாப்பிளையாகப் போறவன்ர கையில எங்கட கப்டன் பட்டியைக் கட்டி வைச்சிருக்கிறியள். அவன் எங்களுக்கு ஆடுவானோ, மாமனாருக்கு ஆடுவானோ?"

கை தட்டினார்கள். பின்னால் இருந்த இளந்தாரிகள் விசிலடித்தார்கள். தலைவர் சஜீவனைப் பார்த்து, "உண்மையோ, பொய்யோ? ஒரு சொல்லுச் சொல்லு" என்றார்.

சஜீவன் எழும்பினான். "நான் எங்கயும் போகேல்லை. அதுக்கு மேல சொல்ல எனக்கு உரிமை இல்லை." சொல்லிவிட்டு டிலானைப் பார்த்தான். டிலான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

உரிமை இல்லையாம்! இதைவிட வேறென்ன ஒப்புக்கொள்ளல் வேண்டும்?

கப்டன் பதவி டிலானுக்கு. என் பிள்ளைக்கு! நான் அதைக் கேட்கவேயில்லை, சத்தியமாய் அதற்காகப் பேசவில்லை. அவர்களாகவே தீர்மானித்தார்கள். அவன் வேண்டாம் என்று தலையாட்டினான். அடக்கமானவன். தகப்பனும் இப்படித்தான்.

யூன் 24

டிலான் சரியாகச் சாப்பிடுவதில்லை. கப்டன் என்ற பாரம் போலும். சந்தோசத்தில் எனக்கும் பசியில்லை.

யூன் 29, ஞாயிறு

அரையிறுதியில் பேசாலையை விழுத்தினோம். டிலான் தலைமையில்! சஜீவன் வெளியே மாற்று ஆட்டக்காரர் வாங்கில் துவாயைப் போர்த்திக்கொண்டு இருந்தான். எங்கள் கோலுக்கு எல்லோருக்கும் முதல் எழும்பிக் கை தட்டியவனும் அவன்தான். என்ன நடிகன்!

இறுதி ஆட்டம் விடத்தல்தீவோடு. இப்போது எனக்கு வேறு பயம். எங்கள் திட்டம் எல்லாம் சஜீவனுக்குத் தெரியும். யார் எங்கே நிற்பது, டிலான் எந்தப் பக்கத்தால் வெட்டி உள்ளே போவான், பெனால்ட்டியை எந்த மூலைக்கு அடிப்பான் — எல்லாம். நீல கேற்றுக்குள் இருந்து ஒவ்வொன்றாய் ஒப்புவிக்கமாட்டானா?

நஸ்லியாவிடம் சொன்னேன், வியாழக்கிழமை அவளோடு போய் நேரே பிடிக்கப்போகிறேன் என்று. "அக்கா, வேண்டாம், பெரிய கரைச்சல் வரும்" என்றாள். வரட்டும்.

யூலை 3, வியாழன்

எங்கே தொடங்க?

அரைநாள் லீவு போட்டு நஸ்லியாவோடு பஸ் எடுத்தேன். விடத்தல்தீவில் இறங்கிக் கோயிலுக்குப் பின்னால் நடந்தோம். நீல கேற். முன்னால் அந்தச் சிவப்பு மோட்டார் சைக்கிள். நஸ்லியா "நான் உம்மா வீட்ட நிக்கிறன்" என்று கழன்றுவிட்டாள்.

கேற்றைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். வழியெல்லாம் பாடமாக்கிய வார்த்தைகள் வாய்க்குள் நிறைந்திருந்தன. சஜீவன் விறாந்தையில் காலை நீட்டி இருந்தான். முழங்காலில் உண்மையாகவே கட்டு. பரியாரி எண்ணெயின் மணம் அந்த இடமெல்லாம். என்னைக் கண்டதும் பேயறைந்தவன்போல எழும்பினான்.

நான் வாயைத் திறக்க முன்னமே உள்ளேயிருந்து ஒரு பெண் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். என் வயதுதான் இருக்கும். முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்கோ வாங்கோ! டிலான்ர அம்மா தானே? முகத்திலேயே தெரியுது. எப்ப வருவியள், எப்ப வருவியள் எண்டு பாத்துக்கொண்டே இருந்தனாங்கள். சுவேதினி! ஆர் வந்திருக்கிறது எண்டு பார், வா பிள்ளை. மாமிக்குத் தேத்தண்ணி போடு!"

மாமி.

ஒரு பெண் கதவடியில் வந்து நின்றாள். ஒல்லியான பிள்ளை. என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தாள். அழகாகத்தான் இருந்தாள். அதை எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

நான் கதிரையில் இருந்தேனா, என்னை இருத்தினார்களா? தேத்தண்ணி வந்தது, பயற்றம் பணியாரம் வந்தது. தாய்க்காரி கதைத்துக்கொண்டே போனாள். டிலானுக்கு என்னிடம் சொல்லப் பயமாம், அதனால் தம்பி சஜீவன்தான் நடுவில் நின்று கதைக்கிறாராம், அம்மா சம்மதிக்கக் கொஞ்ச நாள் எடுக்கும் என்றாராம், இப்போது நானே தேடி வந்துவிட்டேனாம், மாதா கண் திறந்துவிட்டாவாம். நான் ஓம் ஓம் என்றேன். ஒரு பணியாரம் தின்றேன். அந்த வீட்டில் வைத்து என்னால் வேறென்ன செய்ய முடியும்?

சஜீவன் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தான். தள்ளாடிச் சந்தி தாண்டினோம். பாலத்தில் காற்று அள்ளியது. நான்தான் கேட்டேன்.

"கூட்டத்தில ஏன்டா சொல்லேல்லை?"

"அவன்தான் உங்களுக்குச் சொல்லவேணும் அன்ரி. ஆக்களுக்கு முன்னால நான் சொல்லிப்போட்டால், பிறகு நீங்கள் எந்த முகத்தோட நிப்பியள்?" கொஞ்சம் பொறுத்து, "நீங்கள் சொன்னதில பெரிசாப் பிழையில்லை. ஒருத்தன் போறான் எண்டது சரிதானே. ஆள்தான் பிழை" என்றான்.

சிரித்தான்.

யூலை 4

டிலான் அழுதான். நான் அழவில்லை, பேசினேன். நல்லாய்ப் பேசினேன்.

"என்னை விட்டுட்டுப் போறது ஒரு பக்கம் கிடக்கட்டும். உனக்காக நடந்தவனை ஊர் கள்ளன் எண்டேக்க, அவன்ர பட்டியை உன்ர கையில கட்டேக்க, வாயைப் பொத்திக்கொண்டு நிண்டியே. அதை எப்பிடியடா பொறுத்தனி?"

"நீங்கள்தானே அம்மா கள்ளன் எண்டனீங்கள்" என்றான்.



யூலை 5

டிலான் பட்டியைக் கொண்டுபோய் சஜீவனிடம் கொடுத்தானாம். ஆட முடியாதவனுக்குப் பட்டி எதற்கு, நீயே கட்டு என்று திருப்பி அனுப்பிவிட்டானாம். தலைவரிடம் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றேன். ஆட்டம் முடியட்டும் அம்மா என்கிறான். ஆனால் வஸீர் நானாவின் கடையைக் கடந்தபோது கதை சட்டென்று நின்றது. நான் விடத்தல்தீவில் பஸ்ஸால் இறங்கி நீல கேற்றுக்குள் போனதை யாரோ கண்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை யாரென்று ஊருக்கு விளங்கிவிட்டது.

யூலை 6, ஞாயிறு

தோற்றோம்.

ஒன்றுக்கு ஒன்றாய் இழுபட்டுப் பெனால்ட்டிக்குப் போனது. கடைசி அடி டிலானுடையது. அடித்தால் இன்னும் உயிர் இருக்கும், விட்டால் முடிந்தது. பந்தை வைத்தான், பின்னால் வந்தான், சிலுவை அடையாளம் போட்டான். அடித்தான். கம்பத்தில் பட்டு வெளியே போனது.

நான் பெற்றவன். அவன் வேண்டுமென்று தவறவிட்டானா இல்லையா என்று அவன் தோளைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். அவன் முழந்தாளில் இருந்து புல்லைப் பிடுங்கினான். உயிர் போவதுபோல அடித்த அடி அது. கம்பம் அரைச் சாண் தள்ளி நின்றிருக்கலாம், கடவுளே!

எனக்குப் பின்னால் யாரோ ஒருவன் சொன்னான்: "மாமனாருக்கெல்லோ ஆடினவன்."

என்னுடைய சொல். அச்சு அசலாய் என்னுடைய சொல். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

திரும்பி, "அவன் அப்பிடிச் செய்யமாட்டான்!" என்று கத்தினேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நம்பாதவர்கள் பார்க்கிற பார்வை எனக்குத் தெரியும். எத்தனை நாளாய் அந்தப் பார்வையோடு திரிந்தவள் நான்.

வாங்கிலிருந்து சஜீவன்தான் நொண்டி நொண்டி மைதானத்துக்குள் போனான். டிலானைத் தூக்கி நிறுத்தித் தோளில் கை போட்டு அழைத்து வந்தான். இருவருக்கும் கூக்காட்டினார்கள்.

யூலை 9

தலைவரிடம் போய் எல்லாம் சொன்னேன்: சஜீவன் நடுவில் நின்றவன் மட்டும்தான், டிலான் வேண்டுமென்று தவறவிடவில்லை. "விளங்குது அக்கா" என்றார். விளங்கியதாக முகம் சொல்லவில்லை. மகனைக் காப்பாற்றக் கதை கட்டுகிறேன் என்று நினைத்திருப்பார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

யூலை 20, ஞாயிறு

பூசையில் பாதர் கலியாண அறிவித்தல் வாசித்தார். டிலான், சுவேதினி. தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்கவும் என்றார். அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. கிருசாந்தினி மட்டும் வெளியே வந்து என் கையைப் பிடித்து, "எனக்கும் அவரில விருப்பம் இல்லை மாமி, கவலைப்படாதேங்கோ" என்றாள். அதையும் நான் கேட்டதே இல்லை.

செப்ரெம்பர் 12

நேற்று முன்தினம் கலியாணம் நல்லபடியாய் முடிந்தது. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. ஒரு சுண்டு அரிசி போட்டேன், அதிலும் மீந்துபோனது.

2026 பெப்ரவரி 15, ஞாயிறு

புதுப் பருவம். இன்று எங்கள் மைதானத்தில் விடத்தல்தீவோடு ஆட்டம். போவதா விடுவதா என்று காலையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். சஜீவன் வந்து கூப்பிட்டான். அவன் இனி ஆடமாட்டான், முழங்கால் விடாது. ஊரின் கதையும் அவனை முழுதாய் விடவில்லை. "வாங்கோ அன்ரி, நீங்கள் இல்லாமல் என்ன ஆட்டம்?" என்றான்.

எங்கள் ஆட்கள் நடுவில்தான் இருந்தேன். நான் ஓலைத்தொடுவாய்க்காரி. எங்கள் பெடியள் வெல்ல வேண்டும் என்றுதான் வந்திருந்தேன், அதில் ஒரு மாற்றமும் இல்லை.

இரண்டாம் பாதியில் டிலானுக்குப் பந்து போனது. மஞ்சள் ஜேர்சி அவனுக்குப் பொருந்தவே இல்லை, மெலிந்தும் போயிருக்கிறான். ஒருவனை வெட்டினான், இன்னொருவனை வெட்டினான், இடக்காலால் ஒரு அடி. வலை அதிர்ந்தது.

நான் எழும்பி நின்றிருந்தேன். "என்ர ராசா!" என்று கத்தியும் விட்டேன்.

மைதானத்தின் எங்கள் பக்கம் முழுதும் அமைதி. அத்தனை தலையும் என்னை நோக்கித் திரும்பியது. பின்னால் ஒரு பெண் மெதுவாக, ஆனால் எனக்குக் கேட்கும்படி, "பாத்தியே? இவவும் அந்தப் பக்கம்தான்" என்றாள். சஜீவன் என் சேலைத் தலைப்பைப் பிடித்து, "இருங்கோ அன்ரி, எல்லாரும் பாக்கினம்" என்றான்.

பார்க்கட்டும். நான் உட்காரவில்லை.