உதாரணம் என்று கூப்பிட்டால்

1933 பிப்ரவரி 5, ஞாயிறு

காலையில் நல்ல பனி. குளத்தின் எதிர்க்கரை தெரியவில்லை. பேட்டில் ஒரு நரம்பு தளர்ந்திருக்கிறது, கட்டக் கொடுக்க வேண்டும். கம்பளிப் பந்து ஒன்று வாங்க வேண்டும்.

சாயங்காலம் பால் பாட்மின்டன் அரை இறுதிப் பந்தயம். ஜெயித்தோம். எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. கை இன்னும் நடுங்குகிறது. இந்த எழுத்தே சாட்சி.

நடந்தது இது. சர்வீஸ் போட நான் பந்தைத் தூக்கினேன். கூட்டத்திலிருந்து ஒரு குரல்:

"உதாரணம் சார்! ஒரு உதாரணம் உடுங்க சார்!"

சிரிப்பு. பந்து வலையில்.

அடுத்த முறையும் அதே குரல். அதே வலை. மூன்றாம் முறை பேட்டைத் தரையில் எறிந்தேன். சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டிக் கூட்டத்துக்குள் போய், "யாரடா அவன்? ஏறு பெஞ்சு மேலே!" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் ஆளைப் பார்த்தேன். நடேசன். என்னிடம் நான்காம் பாரம் படித்தவன். இப்போது சிந்தாதிரிப்பேட்டையில் சைக்கிள் கடை, பெரிய மீசை, இரண்டு குழந்தைகள். இறுதிப் பந்தயத்தில் எங்களை எதிர்க்கப்போகும் கோஷ்டியின் காப்டன். அவனை நான் பெஞ்சு மேல் ஏறச் சொல்கிறேன்!

மைதானமே உருண்டு சிரித்தது. அவன் கூட்டத்தைப் பார்த்துச் சாவகாசமாகக் கதை சொல்கிறான்: "இவரு ஒரு தபா 'உதாரணமாக'ன்னா நாங்க ஒரு புளியங்கொட்ட எடுத்து வெப்போம். பாடம் முடிய எத்தினி சேரும்னு மின்னாடியே யாரு சரியா சொன்னானோ அவனுக்கு முறுக்கு. சார் தயவுல நா எவ்ளோ முறுக்கு துன்னுருக்கேன் தெர்மா நைனா?"

வந்து குளித்தேன்.

6, திங்கள்

பனி இல்லை. புழுக்கம் மாதிரி இருக்கிறது, அல்லது எனக்கு மட்டும்.

எங்கள் காப்டன் ராகவன் வீட்டுக்கு வந்தார். வக்கீல் குமாஸ்தா. என்னைவிட இருபது வயது சின்னவர்.

"சார், உங்க சர்வீஸை நான் குத்தமே சொல்ல மாட்டேன். மனசு ஸ்திரமா இருக்க மாட்டேங்கறதே. ஞாயித்துக்கிழமை இறுதிப் பந்தயம். அன்னிக்கும் கோவத்தைப் பிடிச்சிண்டு நின்னேள்னா நம்ம அஞ்சு பேர்ல உங்களுக்கு இடம் இருக்காது. என் மச்சினன் தயாரா இருக்கான்."

மச்சினனும் வாசலில் நிற்கிறான், உறை போட்ட புது பேட்டோடு. உறை! பேட்டுக்கு ஜலதோஷம் பிடித்துவிடுமோ?

"யோசிக்கிறேன்" என்று மட்டும் சொன்னேன். பென்ஷன் வாங்கிய நாளிலிருந்து என் பெயரை யாராவது சத்தம் போட்டுக் கூப்பிடும் இடம் அந்த மைதானம் ஒன்றுதான். அதை அந்த உறைக்காரனிடம் கொடுப்பதா?

கோபம் நடேசன் மேல் என்று நினைத்திருந்தேன். முழுக்க இல்லை. நெம்புகோல் சொல்லித் தர ஏற்றக்கிணற்றைச் சொன்னேன், பின்னம் சொல்லித் தர அதிரசத்தைச் சொன்னேன். பையன்கள் கண்ணைப் பெரிதாக்கிக்கொண்டு கேட்டார்கள். கேட்கிறார்கள் என்று நம்பினேன். டெஸ்குக்கு அடியில் புளியங்கொட்டை. உதாரணமாக - சே. இங்கேயாவது எழுதலாமா கூடாதா?

8, புதன்

பேட் நரம்பு கட்டியாயிற்று. இரண்டு நாள் ஆக்கிவிட்டான், சோம்பேறி.

பின் வரிசையில் என் பக்கத்தில் ஆடுபவர் கௌஸ் சாயபு. திருவல்லிக்கேணியில் லுங்கி வியாபாரம். இன்று பயிற்சிக்கு முன்னால் என்னை ஓரமாக அழைத்தார்.

"மாஸ்டர் சாப், நா ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. நீங்க சர்வீஸ் போடுங்க. நானே கத்தறேன். காது மரத்துப் போற வரைக்கும் கத்தறேன். அப்பறம் அவன் இன்னா கத்துனா இன்னா?"

கத்தினார். "உதாரணம்!" வலை. "உதாரணம்!" வெளியே. இன்னொன்று ராகவன் முதுகில் விழுந்தது. (அது மட்டும் திருப்தி.) மச்சினனும் சேர்ந்துகொண்டான். அவனை யார் கேட்டார்கள்? கௌஸ் சாயபு சொன்னால் மருந்து. அவன் சொன்னால் மிளகாய்.

வீட்டில் சொல்லிக் கத்தினேன். இவள் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கோவத்த ஏங்க அடக்கிக்கிட்டு நிக்கிறீங்க? அடக்குறதுலதான் கை உதறுது. கல்லு காயட்டும். காஞ்சாத்தான் தோசை. கரண்டி புடிச்ச கை ஆடாம இருந்தாப் போதாதா?"

இந்த வீட்டில் உதாரணம் சொல்வது நான் ஒருவன் மட்டும் இல்லை போலும்.

11, சனி

நேற்றும் இன்றும் நல்ல பயிற்சி. வயிற்றில் கோபம் இருக்கிறது, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மணிக்கட்டை மட்டும் பார்த்துக்கொண்டேன். கௌ. சாயபு தொண்டை கட்டும் வரை கத்தினார். பந்து போக வேண்டிய மூலைக்குப் போயிற்று. ராகவனுக்குப் பாராட்ட மனமில்லை, மச்சினன் முகம் பார்க்க வேண்டுமே.

நாளைக்கு: எலுமிச்சம்பழம், துண்டு இரண்டு, கௌ. சாயபுவுக்குப் பனங்கற்கண்டு.

12, ஞாயிறு

பந்தயம் தியாகராய நகரில், இன்னும் வீடு எழும்பாத ஒரு மனையில். சுற்றிலும் செங்கல் அடுக்கு. அதன் மேலெல்லாம் ஆட்கள். நல்ல வெயில்.

என் முதல் சர்வீஸ். பந்தைத் தூக்கினேன். குரலுக்காகக் காத்தேன்.

குரல் இல்லை.

நடேசன் கையை உயர்த்தி ஆட்களை அடக்கிவிட்டிருக்கிறான். ஒரு இருமல்கூட இல்லை. நானோ அந்தச் சத்தத்தின் மேல் காலை வைக்கப் பழகியிருக்கிறேன். படி இருக்கும் என்று கால் வைத்தால் படி இல்லை. பந்து வலையில்.

வலைக்கு அந்தப் பக்கம் நடேசன் மீசைக்குள் சிரித்தான். அயோக்கியன்! யோசித்துச் செய்திருக்கிறான். வகுப்பில் ஒரு நாளாவது இப்படி யோசித்தானா?

ராகவன் என் காதருகே: "மச்சினனைக் கூப்பிடட்டுமா?"

"தொடாதேயும் அந்த உறையை" என்றேன். நல்ல வேளை, மெதுவாகத்தான் சொன்னேன்.

ஆட்டம் இழுத்தது. மூன்றாம் ஆட்டம், கடைசியில் இரண்டு பக்கமும் சமம். இன்னும் ஒரே புள்ளி. சர்வீஸ் என் கையில்.

மறுபடியும் அதே அமைதி. இந்தத் தடவை கோபம் கழுத்து வரை வந்துவிட்டது. அடக்கவில்லை. கல் காயட்டும். ஆனால் காது தேடுகிறது, என்ன செய்வது? வேறு யாரும் சொல்ல மாட்டார்கள் என்றால் நானே சொல்கிறேன். செங்கல் அடுக்கின் உச்சிவரை கேட்கும்படி, வகுப்பில் சொல்வதைப்போல நிறுத்திச் சொன்னேன்:

"உதாரணமாக!"

போட்டேன். இடது மூலை, கோட்டுக்கு உள்ளே. நடேசன் குனிந்தான், பேட் பட்டது, பந்து செங்கலுக்குப் போயிற்று.

கௌ. சாயபு என்னைத் தூக்கிவிட்டார். அவர் வயதுக்கு அது தேவையா?

கோப்பை கொடுக்கும்போது ராகவன் எழுந்து பேசுகிறார்: "நான் சொன்ன ஒரு வார்த்தையிலே சார் கோவத்தையே விட்டுட்டார். எப்படி சாந்தமா ஆடினார், பாத்தேளா!"

சாந்தமாம். ஆரம்பத்திலிருந்து முடிவு வரை கொதித்துக்கொண்டு நின்றேன். இப்போதும் கொதிக்கிறேன். அது மணிக்கட்டுக்கு இறங்கவில்லை, அவ்வளவுதான். இவருக்கு அது எங்கே தெரியப்போகிறது?

14, செவ்வாய்

மேகமூட்டம். புடலங்காய் வாங்கினேன், கசப்பு.

லஸ் முனையில் டிராமுக்கு நிற்கிறேன். எதிர்ச்சாரியில் சைக்கிளில் யாரோ.

"உதாரணம் சார்!"

கோபம் வந்தது. ஆனால் அதற்கு முன்பே திரும்பிவிட்டேன், கையையும் உயர்த்திவிட்டேன்.