மொட்டை அடித்த புல்தரை

ஜூன் 4
இன்றும் மூன்று பேர் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். இந்தத் தெருவில் இவ்வளவு பச்சை வேறு யார் வீட்டில் இருக்கிறது? பஸ் ஓட்டுகிறவனுக்கு ஸ்டியரிங் மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருப்பார்கள். தினமும் ஷிப்டுக்குக் கிளம்பும் முன் தண்ணீர் தெளிக்கிறேன். ஞாயிறுதோறும் ஒட்ட வெட்டுகிறேன். மொட்டை அடித்தால் முடி அடர்த்தியாக வளர்வதில்லையா, அதே கணக்குதான்.

ஜூன் 9
நாற்றுக்கடைக்கார அம்மா பூச்செடி இறக்க வந்தார். பாராட்டுவார் என்று புல்தரையைக் காட்டினேன். அவர் குனிந்து ஒரு கொத்தைப் பிடுங்கி என் கையில் வைத்தார். நடுவில் ஒரு முடிச்சு, நாலா பக்கமும் காலைப் பரப்பிய தண்டுகள்.

“இது நண்டுப்புல்லு சார். களைக்குத் தண்ணி ஊத்தி வளர்த்திருக்கீங்க.”

முக்கால்வாசி அதுதானாம். நல்ல புல் அடியில் மூச்சுத் திணறிக் கிடக்கிறது.

“ஒட்ட வெட்டச் சொன்னது யாரு? நல்ல புல்லு நாலு விரல் உசரம் நின்னா, அந்த நிழல்ல நண்டு முளைக்காது. தினமும் தெளிக்காதீங்க. வாரத்துக்கு ஒருக்கா நல்லா ஊற விடுங்க. விதை வைக்கிறதுக்குள்ள பிடுங்கிடுங்க.”

அப்படியானால் அந்த மூன்று பேர் எதைப் பார்த்தார்கள்? ஐயோ.

ஜூன் 10
வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. ஆஸ்பத்திரி ட்யூட்டி முடிந்து வந்த மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். தெருவில் நிற்கும் எங்கள் காரை இந்த வருடம் இரண்டு முறை யாரோ இடித்துவிட்டார்கள்.

“களைக்கு எதுக்குங்க இவ்வளவு இடம்? கல்லு பதிச்சா கார் உள்ள நிக்கும்.”

அவள் தம்பி கட்டட மேஸ்திரி. உடனே போன் போட்டுவிட்டாள். கெஞ்சிக் கூத்தாடி செப்டம்பர் கடைசி வரை கெடு வாங்கினேன். அதற்குள் நண்டு போகாவிட்டால் புல்தரையே போய்விடும்.

ஜூன் 11
முப்பது பிடுங்கினேன். முதுகு போச்சு.

ஜூன் 23
மழை பெய்த மறுநாள்தான் வேரோடு வருகிறது. காய்ந்த மண்ணில் இழுத்தால் தலை மட்டும் கையோடு வருகிறது. முள்கரண்டியை விட்டு நெம்பினேன். நல்ல முள்கரண்டி — மனைவிக்குத் தெரியாது.

ஜூலை 15
பிடுங்கிய இடமெல்லாம் சொட்டை. மச்சான் வந்து பார்த்தான்.

“பாதி வேலைய நீங்களே முடிச்சிட்டீங்க மாமா. கல்லு இறக்குறதுதான் பாக்கி.”

இவனுக்கு என்ன தெரியும்? எனக்குத்தான் என்ன தெரியும்? பேசாம விட்டுத் தொலைச்சிடலாமான்னு இருக்கு. இல்ல — விடமாட்டேன். முப்பது வருஷத்துல ஒரு நாளாவது பஸ்ஸ நடுவழியில விட்டுட்டு வந்திருக்கேனா?

ஆகஸ்ட் 6
நாலு விரல்! ஸ்கேல் வைத்தும் பார்த்துவிட்டேன். நிழலுக்குள் விரலை விட்டுத் தேடினேன். புது நண்டு ஒன்றுகூட இல்லை. என் முதுகை நானே தட்டிக்கொள்ளலாம், கைதான் எட்டவில்லை.

ஆகஸ்ட் 20
மூன்று நாள் வெளியூர் சர்வீஸ். வேலி ஓரத்துக் கொத்துகள் கதிர் விட்டிருக்குமே என்று வழியெல்லாம் அதே கவலை. வந்து பார்த்தால் ஓரம் சுத்தமாக இருக்கிறது. வாளி நிறைய நண்டுப்புல், எல்லாம் வேரோடு. மனைவியின் நகக்கண்ணில் மண்.

“ஆஸ்பத்திரி ட்யூட்டி இல்ல. சும்மா உக்காந்திருக்கப் பிடிக்கல” என்றாள். வாளியை நான் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டினேன்.

செப்டம்பர் 8
சொட்டை விழுந்த இடங்களில் நல்ல புல் விதை தூவினோம். ஆமாம், தூவினோம்.

செப்டம்பர் 28
மச்சான் அளவு நாடாவோடு வந்தான். கேட்டைத் திறந்து உள்ளே ஒரு காலை வைத்தான். நான் வாயைத் திறப்பதற்குள் மாடி ஜன்னலிலிருந்து ஒரு சத்தம், தெருவே திரும்பிப் பார்த்தது.

“டேய், கால எடுடா! இப்பதான் முளைச்சு வருது!”

அவன் ஒற்றைக் காலில் நின்றபடி என்னைப் பார்த்தான். “மாமா, நம்ம அக்காவா இது?”

“உங்க அக்கா இல்லடா. என் பொண்டாட்டி” என்றேன்.