தபால்பெட்டியில் இரண்டு பெயர்

வைலே

அன்புக் கஜந்தி,

நான் நல்ல சுகம். உனக்கு இருமல் விட்டதா? மாமி சுகமா?

நேற்றுப் பக்கத்து வீட்டு யூட் அண்ணையின் கணினி வழி மரம் வெட்டும் சின்ன சீஎன்சி மெஷினில் நமது தபால்பெட்டிக்குப் பெயர்ப்பலகை வெட்டினேன். பலகையின் மூலையில் நீள, அகல அளவுகளான எக்ஸ், வை இரண்டையும் பூச்சியமாக்கினேன். வெட்டும் முனையான பிட்டைப் புதிதாகப் போட்டபின் அதன் உயரத்தைப் பூச்சியமாக்க மறந்துவிட்டேன். பிட் பலகையைத் துளைத்து, உன் பெயரின் முதலெழுத்தை மேசையிலேயே வெட்டிவிட்டது! எனக்குக் காயம் ஒன்றுமில்லை.

யூட் அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். "தபால்காரன் இனி என்ர மேசைக்குத்தான் வரவேணும்!"

உயரத்தையும் சரிசெய்து மறுபடி வெட்டினோம். இரண்டு பெயரும் அழகாக வந்தன.

"மனுசிக்கு விசா வரமுதலே பேரைப் போடுறியோ?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணை," என்றேன்.

மிளகாய்த்தூள் முடிந்துவிட்டது. அனுப்பும்போது முகவரியில் என் பெயருக்குப் பக்கத்தில் உன் பெயரையும் எழுது. தபால்காரருக்குப் பழகட்டும்.

பஸ் வருகிறது, ஓடுகிறேன்.

துவாரகன்