அடிக்காத தந்தி

முகாம்,
2-9-1962

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி சுருளிவேல் வணக்கத்துடன் எழுதுவது. மலைக்காற்றில் உதடு வெடித்திருப்பதைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்தக் கடிதத்தை இங்கே தபாலில் போடவில்லை. போட்டால் ஆபீசர் பிரித்துப் படிப்பார். எங்கள் கம்பெனியில் இருக்கும் திண்டுக்கல்காரர் சாகுல் ஹமீது லீவில் வருகிறார். அவர் கையில் கொடுத்திருக்கிறேன். அவருடைய அத்தா மௌத் என்று தந்தி வந்தது. மறுநாளே அனுப்பிவிட்டார்கள்.

அக்கா, சின்னக்கண்ணுவுக்கு இது ஆறாம் மாதம். முதல் இரண்டும் பிறந்து அழக்கூட இல்லை. இரண்டு தடவையும் நான் அவள் பக்கத்தில் இல்லை. இங்கே பாறையை உடைத்து ரோடு போடுகிறோம். திரியைப் பற்றவைத்துவிட்டு ஓட வேண்டும். நேற்று பற்றவைத்துவிட்டு அவளை நினைத்தபடி அப்படியே நின்றுவிட்டேன். ஹவில்தார் வந்து சட்டையைப் பிடித்து இழுத்துப் போனார்.

'மனைவி கவலைக்கிடம், உடனே அனுப்பவும்' என்று ஒரு தந்தி அடி. அவர்கள் விசாரித்துப் பதில் வருவதற்குள் நான் வீட்டில் இருப்பேன். நீ பொய் சொல்லமாட்டாய், தெரியும். அய்யா பிரம்போடு வந்தபோதுகூட 'இவன்தான் உடைச்சான்' என்று என்னைக் காட்டிக் கொடுத்தவள் நீ. இந்த ஒரு தடவை எனக்காகச் செய். இங்கே ஏதோ நடக்கப் போகிறது. சீக்கிரம் லீவையே நிறுத்திவிடுவார்கள் என்கிறார்கள்.

உன் தம்பி,
சுருளிவேல்

திண்டுக்கல்,
14-9-1962

அன்புத் தம்பி சுருளிக்கு,

அக்காவின் ஆசிகள். சாகுல் ஹமீது கடிதத்தைக் கொண்டுவந்து தந்தார். கூடவே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பெரியவர் ஒருவரும் வந்தார். தகப்பனார் தவறியதற்கு நான் துக்கம் விசாரிக்கத் தொடங்கினேன். பெரியவர் சிரித்துவிட்டார்.

"நான்தாம்மா அந்த மௌத்தானவன். தந்தி ஆபீசுக்கு நானே போயி என் பேரை எழுதிக் குடுத்துட்டு வந்தேன். வேற எவனும் எழுதுனா பேரைத் தப்பா எழுதிப்புடுவான்ல?"

சின்னக்கண்ணு உள்ளே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவர்கள் போனதும் என்னிடம் வந்து, "எனக்கும் ஒண்ணு அடிச்சுப்புடுங்க மதினி. தந்தி அடிச்சா நான் என்ன செத்தா போயிருவேன்?" என்றாள்.

தம்பி, நான் தந்தி ஆபீசு வரைக்கும் போனேன். 'மனைவி' என்று எழுதினேன். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. இரண்டு தடவையும் ஆஸ்பத்திரி வாசலில் நின்று அந்தச் சேதியைக் கேட்டவள் நான். நன்றாக இருக்கிறவளை, வீட்டில் புளி கரைத்துக்கொண்டிருப்பவளை, கவலைக்கிடம் என்று என் கையால் எழுத முடியவில்லை. அதோடு, விசாரிக்க வருகிறவர்கள் என்னைத்தான் கேட்பார்கள். பொய் சொன்ன பிள்ளையைப் பெஞ்சில் ஏற்றுகிற டீச்சர் நான். கண்டுபிடித்தால் உன் வேலை என்ன ஆகும்?

சண்டை வராது என்றுதான் பத்திரிகைகள் எழுதுகின்றன. டிசம்பரில் உனக்கு முறைப்படியே லீவு வரும். அவளை நான் பார்த்துக்கொள்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

உன் அக்கா,
ஜக்கம்மாள்

முகாம்,
6-10-1962

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ செய்ததுதான் சரி. நான் கேட்டிருக்கக் கூடாது.

எங்களை இன்னும் மேலே கொண்டுவந்துவிட்டார்கள். இடத்தை எழுதக் கூடாது. குளிருக்குத் தந்திருப்பது கான்வாஸ் ஜோடு. இரண்டு பேர் சேர்ந்து படுத்தால் கம்பளி பரவாயில்லை. லீவை நிறுத்திவிட்டார்கள்.

சின்னக்கண்ணுவைத் தண்ணீர்க் குடம் தூக்க விடாதே. வலி வரும்வரை காத்திராமல் முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடு. பகலில் வேலை இருப்பதால் ஒன்றும் தெரிவதில்லை. கையில் டம்ளரைப் பிடித்து உட்காரும்போதுதான் நினைப்பு வந்துவிடுகிறது. சாகுல் ஹமீதைப் பார்த்தால் பிரியாணி சாப்பிட்டாரா என்று கேள்.

சுருளிவேல்

திண்டுக்கல்,
4-11-1962

அன்புத் தம்பிக்கு,

தீபாவளி அன்று தெருவில் யாரும் வெடி போடவில்லை. சண்டைச் சேதி கேட்க, ரேடியோ இருக்கும் கடை வாசலில் எல்லோரும் நிற்கிறார்கள். நானும் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு போய் நின்றேன். வாயில் நுழையாத ஊர்ப் பெயர்களைச் சொல்கிறார்கள். ஒவ்வொரு பெயரிலும் நீ இருப்பாயோ என்று தோன்றுகிறது.

லீவில் வந்தவர்களைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். சாகுல் ஹமீது ரயில் ஏறிவிட்டார். அவர் அத்தா ஸ்டேஷனில் என்னைப் பார்த்ததும் ஏனோ முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சின்னக்கண்ணு நன்றாக இருக்கிறாள். நீ நம்பலாம். இது நான் சொல்வது. குழந்தை வயிற்றில் உதைக்கிறதாம், "அப்பன் மாதிரி அடங்காதது" என்கிறாள். ஒரே ஒரு வரி எழுதிப் போடு. கார்டு போதும்.

உன் அக்கா,
ஜக்கம்மாள்

திண்டுக்கல்,
17-2-1963

அன்புத் தம்பி சுருளிக்கு,

இந்த முகவரியில் நீ இல்லை என்று தெரிந்தே எழுதுகிறேன். எழுத எனக்கு வேறு முகவரி இல்லை.

நவம்பர் கடைசியில் உன்னைக் காணவில்லை என்று சர்க்கார் காகிதம் வந்தது. டிசம்பரில் உனக்குப் பெண் பிறந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவெல்லாம் கேட்கும்படி அழுதாள். சின்னக்கண்ணுவும் சுகம். நீ பயந்தபடி எதுவும் நடக்கவில்லை. பிடிபட்டவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகத் தெரியவருகின்றன. உன் பெயர் இன்னும் வரவில்லை.

போன மாதம் சாகுல் ஹமீது வந்தார். அவருடைய ரயில் அசாம் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்ததாம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. சின்னக்கண்ணு காபியை நீட்டிக்கொண்டே கேட்டாள்: "அண்ணே, அன்னைக்கு இங்கயிருந்தும் தந்தி வந்திருந்தா, அவுகளும் கெளம்பியிருப்பாகளா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு டம்ளரைப் பார்த்தார். "காபி சூடா இருக்கு தங்கச்சி" என்றார்.

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. என்னிடமும் இதுவரை ஒரு சொல் கேட்கவில்லை. எனக்குச் சோறு போடுகிறாள், என் புடவையை மடித்து வைக்கிறாள்.

போகும்போது வாசலில் அவர் என்னிடம் மட்டும் சொன்னார். பின்வாங்கியபோது உங்கள் கம்பெனிக்காரர்கள் ஓர் ஆற்றைக் கடந்தார்களாம். அக்கரை சேர்ந்த ஒருவர் திரும்பிப் பார்த்தபோது நீ தண்ணீரில் விழுந்ததையும், பிறகு எழாததையும் கண்டாராம். குண்டு விழுந்துகொண்டிருந்ததால் நிச்சயம் என்று எழுதித் தர அவர் தயங்குகிறாராம். "எனக்குச் சந்தேகமில்ல டீச்சரம்மா" என்றார் சாகுல் ஹமீது. இதைச் சின்னக்கண்ணுவிடம் நான் சொல்லவில்லை.

இன்று அவள் சேவுகம்பட்டிக்கு, தன் ஆத்தா வீட்டுக்குக் கிளம்பினாள். வத்தலக்குண்டு பஸ்ஸில் சன்னலோரம் உட்கார வைத்தேன். குழந்தை தூங்கியது. நான் இறங்கியதும் கம்பி வழியாகக் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மதினி, எல்லாரும் வருவாரு வருவாருங்கிறாக. எங்காத்தா சொல்லுது, தபால்காரரு சொல்றாரு. அம்புட்டும் ஆறுதலுக்குச் சொல்றது, எனக்குத் தெரியாதா? நீங்க அப்படி இல்ல. எம் புருசன் கேட்டும், நான் கேட்டும், பொய் சொல்லாதவுக. நீங்க இதுவரைக்கும் ஒருக்காகூடச் சொல்லல. இப்பச் சொல்லுங்க. அவரு வருவாரா? நீங்க சொன்னா நம்பிக்கிறேன்."

கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். அவள் கையை விடவில்லை.

"வருவான்" என்றேன்.

பிடித்த கையை விட்டுவிட்டு, குழந்தையின் முகத்தில் விழுந்த வெயிலை முந்தானையால் மறைத்தாள். நான் பார்க்கும்போதே அவள் முகம் தெளிந்துவிட்டது, தம்பி.

உன் அக்கா,
ஜக்கம்மாள்