மிமி நின்ற இடம்

ஜாக்மெல்
ஞாயிறு, பூசைக்குப் பிறகு

அன்பு மகன் ஜோனேலுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் மூன்று பேரும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் நெஞ்சை மூடிக்கொண்டு வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஆரம்பித்ததுமே நீ "பரவால்லம்மா" என்று சொல்லிவிடுவாய். அந்த வார்த்தை வருவதற்குள் முழுதும் சொல்லி முடிக்க வேண்டும். அதனால் கடிதம்.

இங்கே மழை. தொட்டி நிரம்பி முற்றத்தில் வழிகிறது. அப்பாவுக்குக் கட்டட வேலை நின்றுபோனது, வீட்டில் உட்கார்ந்து ரேடியோவோடு சண்டை போடுகிறார், ரேடியோதான் ஜெயிக்கிறது. கொடி நாள் ஊர்வலத்துக்குப் பள்ளிக்கூடத்துச் சீருடைகள் தைத்துத் தைத்து என் விரல்கள் மரத்துவிட்டன. எதிர்வீட்டு எட்மோந்தின் ஆடு இரண்டு குட்டி போட்டது, ஒன்றுக்கு உன் பெயரை வைத்திருக்கிறாள், கனடாவுக்குப் போகும் என்கிறாள். கோபப்படாதே, அது அன்பில் வைத்த பெயர்.

உன் தங்கை மிமியைப் பற்றித்தான் எழுத வந்தேன். சுற்றிச் சுற்றி வருகிறேன்.

நீ எப்படிப் படிப்பாய் என்று உனக்கு நினைவிருக்கும். முற்றத்து வாதுமை மரத்தைச் சுற்றிக் கண்ணை மூடிக்கொண்டு நடப்பாய், உரக்கச் சொல்லுவாய், மூன்றாம் சுற்றில் பாடம் உனக்குள் போய்விடும். நான் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பேன். பாடமெல்லாம் பிரெஞ்சில், எனக்குத் தெரிந்த பிரெஞ்சோ காலை வணக்கத்தோடு சரி, அதனால் நீ சொல்வது என்னவென்று பார்க்க மாட்டேன், எங்கே நிற்கிறாய் என்று மட்டும் பார்ப்பேன். நின்றால் மேசையில் அளவுகோலால் ஒரு தட்டு. திரும்ப முதலிலிருந்து. தெருவில் எல்லா அம்மாக்களும் இப்படித்தான், உனக்குத் தெரியும். நிற்காமல் வந்தால் படித்த பிள்ளை. நீ நின்றதே இல்லை. இந்தத் தெருவில் என் தலை நிமிர்ந்திருந்தது உன்னால்.

மிமி நிற்கிறாள். அவளுக்கு நடக்க வராது, கையில் ஏதாவது இருக்க வேண்டும். ஒருநாள் என் பொத்தான் டப்பாவைக் கவிழ்த்து நாட்டின் மாகாணங்களையெல்லாம் துணிமேல் பொத்தானால் பரப்பிவைத்திருந்தாள், நமக்குத் தெற்கே கடல் என்று நீலத் துணியை வெட்டிப் போட்டிருந்தாள். ஊர்வலத்துக்கு வைத்திருந்த துணி. பொத்தானை எடுத்து வை, புத்தகத்தை எடு என்று கத்தினேன். தையல்காரி நான், அளவெடுக்காமல் யாருக்கும் துணி வெட்டியதில்லை. உன் அளவுக்கு வெட்டியதை அவளுக்கு மாட்டிவிட்டு ஏன் பொருந்தவில்லை என்று அவளைத் திட்டினேன்.

மழைப் பாடம் வந்தது, அதன் அர்த்தம் மிமி சொல்லித்தான் எனக்குத் தெரியும். "கதிரவனின் வெம்மையால் கடல்நீர் ஆவியாகி மேலெழுந்து முகில்களாய்த் திரண்டு மழையெனப் பொழிகிறது." நீயும் இதே பாடத்தைச் சொன்னவன்தான். மிமி "மேலெழுந்து" என்ற இடத்தில் நிற்பாள். ஒவ்வொரு தடவையும் அங்கேயே. தட்டுவேன், முதலிலிருந்து வருவாள், அங்கேயே நிற்பாள். வகுப்பிலும் அங்கேதான் நின்றாள். நின்றவள் ஒரேல் வாத்தியாரைப் பார்த்து பிரெஞ்சை விட்டு, நாம் வீட்டில் பேசும் கிரயோலில் கேட்டிருக்கிறாள், "சார், கடல்தான் மேல போகுதுன்னா மழை ஏன் உப்பா இல்ல? எங்க தொட்டித் தண்ணிய நான் குடிச்சுப் பாத்தேன்." வகுப்பே சிரித்தது. கிரயோலில் பேசியதற்காகக் கொடிக்கம்பத்தடியில் மணி அடிக்கும்வரை முழங்காலில் நின்றாள்.

மறுநாள் வாத்தியார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "ஜோனேல் இதே பெஞ்சுல இருந்தவன்தானம்மா, தொறந்துவிட்ட குழா மாதிரி ஒப்பிப்பான். இவ என்னடான்னா கீறல் விழுந்த ரெக்கார்டு. கேள்வி கேக்கணும்னா முதல்ல பிரெஞ்சுல கேக்கக் கத்துக்கட்டும், இல்லன்னா இந்த வருஷம் பரீட்சைப் பட்டியல்ல பேர் இருக்காது." அவள் என் பின்னால் நின்றிருந்தாள், முழங்காலில் தோல் உரிந்து. நான் மன்னிப்புக் கேட்டேன், ஜோனேல். அவரிடம். இனிமேல் நிற்க மாட்டாள், என் பொறுப்பு என்று சொன்னேன்.

வீட்டில் அப்பா சிரித்துக்கொண்டு, "மழை உப்பாப் பெஞ்சா நல்லதுதானே, உங்கம்மா சமையல்ல அதுவாவது சேருமே" என்றார். நான் சிரிக்கவில்லை. சாயங்காலமே அளவுகோலை எடுத்தேன். நிற்கும்போதெல்லாம் தட்டு, நிற்கும்போதெல்லாம் முதலிலிருந்து. எத்தனை சாயங்காலம் என்று கேட்காதே. ஒருநாள் அந்த இடத்தைத் தாண்டிப் போனாள். குரலில் மேடுமில்லை பள்ளமுமில்லை. வகுப்பில் பத்துக்குப் பத்து வாங்கினாள். வேர்க்கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். தின்றுவிட்டு நன்றி சொன்னாள். எட்மோந்த் வாசலில் நின்று, "ஒம் பொண்ணு இப்ப ரேடியோ மாதிரி ஆயிட்டாடி செலிமேன்" என்றாள், பாராட்டாகத்தான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பிறகுதான் வீட்டில் ஏதோ குறைவதைக் கவனித்தேன். ஆட்டின் கண்ணில் கோடு ஏன் படுத்திருக்கிறது, இரண்டு ஓட்டை போதும் என்றால் பொத்தானுக்கு எதற்கு நான்கு என்று தைக்கும்போது காதருகில் கொசு மாதிரி கேட்டுக்கொண்டே இருப்பாள், போடி என்று விரட்டுவேன். விரட்ட ஒன்றும் இல்லாமல் போயிருந்தது. சொன்னதைச் செய்தாள். சரிம்மா என்றாள். எல்லாவற்றுக்கும் சரிம்மா.

போன வியாழக்கிழமை அடுப்பில் உப்புப் போட்டு வாழைக்காய் வெந்துகொண்டிருந்தது, வெளியே மழை. மனசு கேட்கவில்லை. மிமி, அந்த மழை ஏன் உப்பா இல்லைன்னு கேட்டியே, அப்புறம் ஏதாவது தெரிஞ்சுதா என்று கேட்டேன். அவள் எழுந்து நின்றாள். கையைப் பின்னால் கட்டினாள். சுவரைப் பார்த்துக்கொண்டு பாடத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒப்பித்தாள். என் சமையலறையில். என்னிடம். எங்கும் நிற்கவில்லை. முடித்துவிட்டு, நான் தட்டுகிறேனா என்று மேசையைப் பார்த்தாள்.

என்ன செய்வதென்று தெரியாமல் சட்டியின் மூடியைத் திறந்தேன். மூடியிலிருந்து நீர் கையில் சொட்டியது, சுட்டது, கையை வாயில் வைத்தேன். உப்பு இல்லை. இத்தனை வருஷம் சமைக்கிறேன், எத்தனை தடவை அந்த நீரைத் துடைத்து எறிந்திருப்பேன். மூடியை அவளிடம் நீட்டி, ஆறினதும் நக்கிப் பார் என்றேன். "இது பாடத்துல இருக்காம்மா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். நக்கினாள். அப்புறம் கரண்டியால் சட்டித் தண்ணீரை எடுத்து நக்கினாள். பிறகு நின்றுவிட்டாள்.

அவ்வளவு நேரம் யாரும் பேசாமல் இருந்தால் எனக்குத் தாங்காது என்று உனக்குத் தெரியும். என் கை தானாக அளவுகோலைத் தேடிப் போனது, ஜோனேல். உண்மையாகவே போனது. பிடித்துத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தேன். வாழைக்காய் குழைந்துகொண்டிருந்தது. கடைசியில் அவள், "அப்ப கடல் வருஷா வருஷம் உப்பு கூடிக்கிட்டே போகுமாம்மா?" என்றாள். எனக்குத் தெரியாது. தெரியாது என்றே சொன்னேன். உனக்குத் தெரிந்தால் அவளுக்கு எழுது. தெரியாவிட்டால் தெரியாது என்று எழுது.

மேட்டுத் தெருவில் புதிதாக ஒரு பள்ளிக்கூடம் நடக்கிறது, கிரயோலில் சொல்லிக்கொடுக்கிறார்கள், பிரெஞ்சைத் தனியாக ஒரு பாடமாகக் கற்பிக்கிறார்கள். வெள்ளிக்கிழமை போய் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தேன். பிள்ளைகள் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள், ஒரே சத்தம், எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. எட்மோந்த் இதைக் கேள்விப்பட்டதும், "கிரயோல் படிக்கப் பள்ளிக்கூடமா, என் கோழிக்கே கிரயோல் தெரியுமே" என்றாள். அப்பா, ஜோனேல் என்ன சொல்வானோ என்கிறார். விடுமுறை முடிந்ததும் மிமியை அங்கே சேர்ப்பதாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். உன்னைக் கேட்காமல். நீ அந்தப் பனியில் வேலை பார்த்து அனுப்புவது தங்கை பெரிய பள்ளிக்கூடத்தில் படிக்கத்தான் என்று தெரியும். அந்தப் பள்ளிக்கூடத்துச் சீருடைத் தையலும் இனி எனக்கு வராது. வருத்தப்படு, கோபப்படு, ஆனால் இது வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதே.

இன்னொன்று. போன மாதம் போனில் சிரித்துக்கொண்டே சொன்னாய், உன் மாலை வகுப்பில் வாத்தியாரம்மாள் "இதப்பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க" என்று கேட்டாள், நீ அது புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடினாய் என்று. நானும் சிரித்தேன். வியாழக்கிழமையிலிருந்து என்னால் அதற்குச் சிரிக்க முடியவில்லை. நீ நிற்காத பிள்ளை என்று ஊரெல்லாம் சொன்னேன். எங்கெங்கே நிற்க நினைத்தாய் என்று நான் கேட்டதே இல்லை.

கடவுள் நீ போகிற வழியெல்லாம் உனக்கு முன்னால் நடக்கட்டும், ராசா. கம்பளித் துண்டைக் கழுத்தில் சுற்றாமல் வெளியே போகாதே, காப்பியை மட்டும் குடித்துவிட்டு வேலைக்கு ஓடாதே. அப்பாவின் ஆசியும் சேர்த்து. மிமி இந்தக் கடிதத்தோடு ஒரு பொத்தானை வைக்கச் சொன்னாள், எதற்கென்று சொல்லவில்லை, நானும் கேட்டுத் தொந்தரவு செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ண மறக்காதே. பேச்சின் நடுவில் நீ சில சமயம் நின்றுபோவாய், உடனே நான் ஹலோ ஹலோ, லைன் கட்டாயிடுச்சா என்று கத்துவேன் இல்லையா. இனிக் கத்த மாட்டேன். நீ நில். நான் காத்திருப்பேன்.

உன் அம்மா,
செலிமேன்